லாரி வெளிச்சத்தில் ஒரு மாப்பிள்ளைப் படம்

என் பணிக் குறிப்பேடுகளில் ஒன்றில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது: "புதன். காலை 10.50. குமணன்சாவடி, மெத்தைக் கடை பஷீர் வீடு, முன்னறை. மின்சாரம் இல்லை. வெளிச்சம் உண்டு. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது."

கடைசி இரண்டு சொற்கள் மட்டும் வேறு மையில் இருக்கும். அவற்றை அன்று மாலை, வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகு எழுதினேன். ஆண்டை இங்கே வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஆண்டைச் சொன்னால் எல்லோரும் வயதைக் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள், பஷீரின் அக்கா இன்றைக்கும் நான் ஏறும் பேருந்தில்தான் ஏறுகிறார். எனக்கு உட்கார இடம் வேண்டும்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், வீட்டுக்குள் இருக்கிற வெளிச்சத்தை மட்டும் வைத்து ஆட்களைப் படமெடுப்பது எப்படி என்று அடிக்கடி கேட்கிறீர்கள். கேமராவில் எதை எவ்வளவு வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்லத் தெரிந்தது, அப்படி எடுக்கப் போன இடத்தில் நான் எப்படி அசடு வழிந்தேன் என்பது. அதைச் சொல்கிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புதன்கிழமைக்கு ஐந்து வாரம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பஷீரும் அவருடைய அக்கா ஜீனத்தும் மண்ணூர்பேட்டையில் இருந்த என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். பஷீருக்கு முப்பத்தேழு வயது. பஞ்சு மெத்தை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். நல்ல கறுப்பு, அகலமான முகம். முன்தலையில் முடி சொல்லிக்கொண்டு போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பெற்றோர் இல்லை. தம்பிக்குப் பெண் தேடுவதை ஜீனத்தான் ஒரு கடமையாகச் செய்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை போட்டோ வேண்டும் என்றார். எடுத்தேன். பிறகு டச்சிங் செய்யக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஜீனத்தும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் கலரு ஏத்துங்கண்ணே."

ஏற்றினேன்.

"இன்னும் கொஞ்சம்."

அதையும் ஏற்றினேன்.

"முன்னாடி மட்டும் லேசா முடி வெச்சிடுங்க. லேசா."

லேசாக முடி வைப்பது என்று ஒன்று கிடையாது. வைத்தால் வைத்ததுதான். முந்தின நாள் படமெடுத்துக்கொண்ட வேறொரு வாடிக்கையாளரின் தலையிலிருந்து எடுத்துப் பஷீருக்கு வைத்தேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது. அந்த வாடிக்கையாளருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. பின்னால் ஒரு பனிமலையும் போட்டேன். அதை யாரும் கேட்கவில்லை, என் சொந்த முயற்சி. பஷீர் மட்டும் எட்டிப் பார்த்து, "யாரு அண்ணாத்தே இவரு? நம்ம சொந்தமா?" என்றார். நாங்கள் இருவரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் படம் திருமழிசைக்குப் போனது. பெண்ணின் பெயர் சபீனா. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், செய்து முடித்த உதிரிப் பாகங்களைப் பார்த்துக் கோணல் இருந்தால் ஒதுக்கும் வேலை. நாளெல்லாம் குறை கண்டுபிடிக்கும் கண். அப்பா இல்லாத குடும்பம் என்பதால், முடிவு சொல்ல வேண்டியவர் துபாயில் வேலை பார்க்கும் அண்ணன். அவர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, சரி, வரச் சொல்லுங்கள் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் போனார்கள். சபீனாவின் மாமா வரவேற்று உட்கார வைத்தார். பிறகு வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "மாப்ள வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?"

ஜீனத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பஷீர்தான் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாராம்: "மாப்ள நாந்தான் மாமா. முடி மட்டும் ஸ்டூடியோல கீது."

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்ட நிமிடத்திலிருந்து பஷீருக்கு வேறு இடம் பார்க்கும் எண்ணமே போய்விட்டது. மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. துபாய்க்குப் போன் போட்டு, போட்டோவில் வந்தவன் வேறு, வீட்டுக்கு வந்தவன் வேறு என்று சொல்லிவிட்டார். ஆவடியிலிருந்து இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். அண்ணன் புதன்கிழமை பாலைவனத்துக்குள் ஒரு வேலையிடத்துக்குப் போகிறார், இரண்டு வாரம் போன் எடுக்காது. பஸ் அங்கே பன்னிரண்டு மணிக்கு. நம் நேரம் ஒன்றரை. ஏறுவதற்கு முன் ஆவடிக்குச் சரி என்று சொல்லிவிடப் போவதாக இருந்தார்.

இந்த நிலையில்தான் சபீனாவே ஜீனத்துக்குப் போன் செய்தார்.

"போட்டோல இருந்த மாப்ள வேணாங்க. ஊட்டுக்கு வந்தாரே, அவரு போட்டோ இருந்தா அனுப்புங்க. அவரு ஊட்டுக்குள்ளயே எடுத்ததா இருக்கட்டும், மலை கிலை வேணாம். டச்சிங்கும் வேணாம். அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஜீனத் தன் போனிலேயே எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்தப் போன் என்னையே மிஞ்சிய டச்சிங்காரன். யாரும் கேட்காமலேயே பஷீருக்கு வெள்ளையடித்துக் கன்னத்தை இழைத்துவிட்டது. அதை எப்படி நிறுத்துவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. செவ்வாய் இரவு எனக்குப் போன் வந்தது. "பண்ணவரே வந்து சரி பண்ணுங்கண்ணே" என்றார்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு இரண்டு குடை லைட்டுகளோடு போய் இறங்கினேன். பிளக்கைச் சொருகினேன். எரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், மின்விசிறியும் சும்மா நின்றிருந்தது.

"இன்னிக்கு ஷட்டவுன் ஆச்சே," என்றார் ஜீனத். "ஒம்போதுலேர்ந்து ரெண்டு வரைக்கும் கரண்டு வராது. பேப்பர்ல போட்டுக்கீறான், நீங்க பாக்கலயா?"

பார்த்திருந்தேன். வெட்டி ஒட்டியும் வைத்திருந்தேன். பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தும் தேதிகளை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பகுதிவாரியாக எழுதி வைத்திருந்த போட்டோகிராபர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குறிப்பேட்டைப் பிரித்தேன். குமணன்சாவடி அடங்கிய பூந்தமல்லிக்கு நேராக "வியாழன்" என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே நானே ஒட்டிய தினசரித் துண்டில் "புதன்". தேதி எழுதி வைப்பவர்களுக்கு இந்த நோய் உண்டு: ஆதாரம் கண்முன் இருந்தாலும் தன் கையெழுத்தைத்தான் நம்புவோம்.

மின்சாரம் இரண்டு மணிக்கு. பஸ் ஒன்றரைக்கு. தெருவில் நிறுத்தி எடுத்துவிடலாம் என்றால், வீட்டுக்குள் எடுக்க வேண்டும் என்று சபீனா தெளிவாகச் சொல்லியிருந்தார். இன்னொரு முறை ஏமாற்ற நான் தயாராக இல்லை.

முன்னறை பத்துக்குப் பத்து. ஒரே ஜன்னல். ஐரோப்பாவில் அந்தக் கால ஓவியர்கள் வடக்குப் பார்த்த ஜன்னலுக்காகவே வீடு தேடி அலைந்தார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். பஷீர் வீட்டு ஜன்னலும் வடக்குதான். திறந்தேன். கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர். உள்ளே யாரோ இருமினார்கள். மூடிவிட்டேன். வாசல் மேற்குப் பார்த்தது, காலையில் வெயில் வராது. எதிரே பாசி பிடித்துக் கறுத்த ஒரு காம்பவுண்டுச் சுவர். அதிலிருந்தும் ஒன்றும் தேறாது.

ஆனால் வாசலுக்குள் இடதுபக்கம் கிடந்த ஸ்டூலின் மேல் ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. அதிகமில்லை, ஓர் ஆள் முகம் அளவுக்கு. பாலாடை போல மிருதுவான வெளிச்சம். பஷீரை அங்கே உட்காரச் சொன்னேன். அவ்வளவுதான், நான் ஐந்து வாரம் முன்பு கம்ப்யூட்டரில் அழித்துத் தள்ளிய முகம் அப்படியே திரும்பி வந்தது. கன்னத்தில் செம்பு மாதிரி ஒரு நிறம், கண்ணோரத்தில் சுருக்கம், நெற்றியில் மினுமினுப்பு. கறுப்பு முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சத்தை நான் எந்தக் கடையிலும் விலைக்கு வாங்கியதில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆவடிக்காரர் ஒருவர் இருந்தார். வெளிச்சம் எந்த வழியாக வருகிறது என்று எழுந்து போய்ப் பார்க்காமல் பட்டனை அமுக்கினால், பின்மண்டையில் ஒன்று வைப்பார். அன்று அவர் பக்கத்தில் இல்லை. அதனால் நான் போய்ப் பார்க்கவில்லை. மாறாக, "இந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அனுபவம் வேணும் பஷீர்" என்று பேச ஆரம்பித்தேன்.

பேசியதோடு நிற்கவில்லை. கிடைத்த வெளிச்சத்தைச் சொட்டையை மறைப்பதற்குச் செலவழித்தேன். மோவாயைத் தூக்கச் சொன்னேன். பல் டாக்டரிடம் வந்தவர் போல இருந்தது. பக்கவாட்டில் திரும்பச் சொன்னேன். பல் டாக்டரிடமிருந்து தப்பி ஓடுகிறவர் போல ஆயிற்று. ஜீனத் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தொப்பியோடு வந்தார்.

"இத்த போட்டுக்கோடா. முடி மேட்டரே வராது."

"அது தொழுவச்சொல்ல போடறது. சொட்டைய மறைக்கிறதுக்கு இல்ல. உள்ள வெய்யி," என்றார் பஷீர். அன்று காலை அவர் உறுதியாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் அப்போதாவது விழித்திருக்கலாம். விழிக்கவில்லை. "மோவாய் இன்னும் கொஞ்சம்" என்றேன்.

பதினொன்றரை மணிக்கு மேல், தெருவில் ஓர் எஞ்சின் உறுமியது. பஷீரின் முகத்தில் இருந்த வெளிச்சம் நடுங்கியது.

நான் கேமராவைப் பார்த்தேன். பிறகு ஸ்டூலைப் பார்த்தேன். பிறகுதான் எழுந்து வாசலுக்குப் போனேன். எதிர்ச் சுவரை ஒட்டிச் சற்றே இடப்பக்கமாக, கழுவிவிட்ட புத்தம் புதிய வெள்ளைக் கண்டெய்னர் லாரி ஒன்று நின்றிருந்தது. கிழக்கு வெயில் எங்கள் கூரையைத் தாண்டி அதன் மேல் அடித்து, அங்கிருந்து திரும்பி ஸ்டூலுக்கு வந்துகொண்டிருந்தது. என் அனுபவம் முழுவதும் கியர் போட்டுக் கிளம்பத் தயாராக இருந்தது.

ஜீனத் என்னை முந்திக்கொண்டு ஓடிப் போய் லாரிக்குப் பின்னால் நின்றார்.

"அண்ணாத்தே, பத்து நிமிசம் அப்டியே நில்லுங்க. தம்பி கல்யாண மேட்டரு!"

டிரைவர் அதே தெருக்காரர். தலையை வெளியே நீட்டினார். "பஷீரு கல்யாணத்துக்கும் என் வண்டிக்கும் இன்னா யக்கா சம்பந்தம்?"

"உங்க வண்டியிலேர்ந்துதான் வெளிச்சம் வருதாம். போட்டோக்காரரு சொல்றாரு."

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், லைட்டு கொண்டாரலையா?"

"கொண்டாந்தேன்," என்றேன்.

"அப்பால?"

நான் மின்கம்பத்தைக் கைகாட்டினேன்.

"யக்கா, வழிய உடு. திருமழிசைல கம்பெனி கேட்டுக்குள்ள பன்னெண்டு மணிக்கு முன்னாடி பூரணும். இல்லாங்காட்டி நாளைக்குத்தான் உள்ள உடுவான். ராத்திரி பூரா ரோட்ல கொசுக்கடி."

"ஒரு ராத்திரி கொசு கடிச்சா செத்தா பூடுவீங்க? எந்தம்பி வாழ்க்கை இது!"

நானும் சேர்ந்து கெஞ்சினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். வெளிச்சம் போகிறது, நேரம் போகிறது, கையில் இருக்கும் படம் ஒன்றும் சரியில்லை. அப்போது யார் பிழைப்பை நிறுத்தினாலும் பரவாயில்லை, என் படம் வந்தால் போதும் என்று தோன்றும். எனக்கு முழுமையாகத் தோன்றியது.

பஷீர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். வாசற்படிக்கு உள்ளே நின்று கத்தினார். "அக்கா! வழிய உடு. அந்தாளு பொழப்ப கெடுத்துட்டு எனக்கு இன்னா கல்யாணம்? இப்டி வா." ஜீனத் நகர்ந்தார். உடனே பஷீருக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தச் சந்தில் லாரி முன்னால் போக முடியாது. பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். இடப்பக்கம் மின்கம்பம், வலப்பக்கம் சாக்கடை.

நம் பக்கத்து ஆளுக்கு, ரிவர்ஸில் வரும் லாரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. பஷீர் ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி ஆரம்பித்தார்.

"வா மாமே, வா வா வா… ரைட்ல ஒடி… ஒடி ஒடி… ஐயோ, அது ரைட்டா உனக்கு? சோத்துக் கை மாமே!"

"சொட்ட மினுக்குது மாமே, கண்ணு கூசுது!" என்று டிரைவர் உள்ளிருந்து கத்தினார். பஷீர் சிரித்துவிட்டார்.

லாரி பின்னால் வர வர, அந்த வெள்ளைப் பக்கம் முழுவதும் வாசலுக்கு நேராக ஊர்ந்தது. அதுவரை முகம் அளவுக்கு இருந்த வெளிச்சம் ஆள் அளவுக்கு, பிறகு அறை அளவுக்குப் பெருகியது. பஷீரின் சிரிப்பு, தூக்கிய கை, சட்டை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சு, அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த மெத்தைகள், எல்லாம் ஒரு பத்து விநாடிக்குத் தெரிந்தன. தலை உச்சி எவர்சில்வர் குடம் போலப் பளபளத்தது. மோவாயைத் தூக்கச் சொல்ல எனக்கு நேரம் இல்லை, அது அவர் அதிர்ஷ்டம். மூன்று முறை அமுக்கினேன். லாரி திரும்பிப் போனது. அறை கிணறு போல இருண்டது. மணி 11.42.

மூன்றில் ஒன்றுதான் அசையாமல் வந்திருந்தது. அதையும் முன்பு எடுத்த சிலவற்றையும் ஜீனத்தின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் பார்த்தார்.

"வாயத் தொறந்து கத்திகினு கீறான். இதப் போயா அனுப்புறது? பொண்ணு ஊட்ல இன்னா நெனப்பாங்க, சண்டைக்காரன்னு நெனப்பாங்க."

முன்னால் எடுத்த படங்களில் ஒன்று, மோவாய் தூக்கியது, வாய் மூடியது, தன்னளவில் மரியாதையானது, அதை அனுப்பலாம் என்றார். நான் இது என்றேன், அவர் அது என்றார். ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் எனக்குச் சமரச புத்தி வந்தது. "வாயை மட்டும் அந்தப் படத்துலேருந்து எடுத்து இதுல வச்சு மூடிடலாமா?" என்றேன்.

"அண்ணாத்தே," என்றார் பஷீர், "மறுக்கா ஆரம்பிக்காதீங்க."

போனை அக்காவின் கையிலிருந்து வாங்கி, கத்திக்கொண்டிருக்கும் படத்தை அவரே சபீனாவுக்கு அனுப்பினார். மின்சாரம் இல்லாத நாளில் சிக்னலும் இழுத்துக்கொண்டுதான் போகும். படம் போய்ச் சேர்ந்தபோது மணி 1.05. சபீனா அதை அண்ணனுக்கு அனுப்பியது 1.12. பஷீர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். ஜீனத் தொப்பியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றரை ஆனது. ஒன்று நாற்பது ஆனது. அப்புறம் சபீனாவிடமிருந்து போன் வந்தது. ஜீனத் காதில் வைத்துக் கேட்டார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். பஷீருக்கு முகம் விழுந்துவிட்டது. தொப்பியை எடுத்தபோதுதான் ஜீனத் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார்.

அந்தப் படம்தான் வேலை செய்தது என்று நான் அடுத்த இரண்டு மாதம் பலரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணத்துக்கும் நான்தான் போட்டோகிராபர். அண்ணன் துபாயிலிருந்து வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் படத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியது என்று கேட்டேன்.

"எந்தப் படம் பாய்?" என்றார். "ஓ, அதுவா! பஸ்ஸு ஏறச்சொல்ல ஒண்ணு வந்துச்சு. ரவுண்டு ரவுண்டா சுத்திகினே இருந்துச்சு, தொறக்கவேயில்ல. தங்கச்சி போன் பண்ணி 'பாத்தியாண்ணே, பாத்தியாண்ணே'ன்னு நாலு தபா கேட்டுது. அது கேட்ட குரல்லயே எனக்குப் புரிஞ்சிபோச்சி. பாத்துட்டேன், சரின்னுட்டேன்."

இதை நான் சபீனாவிடம் சொன்னேன். மணப்பெண் அலங்காரத்தோடு அவர் தலையை ஆட்டினார். "பொய்யிங்க. போன்ல சிரிச்சாரு, நான் கேட்டேன். பாக்காத எதுக்கு ஒருத்தரு சிரிப்பாரு?"

அண்ணனின் போனில் நேரத்தைப் பார்த்துவிடலாம் என்று திரும்பிப் போனேன். அந்தப் போன் போன மாதமே தண்ணீரில் விழுந்துவிட்டது, இது புதுசு என்றார். குறிப்பேட்டில் அந்தப் புதன்கிழமைப் பதிவுக்குக் கீழே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: "பிற்பகல் 1.12க்கு அனுப்பிய படத்தை அண்ணன் திறந்து பார்த்தாரா என்பது சரிபார்க்கப்படவில்லை." இந்தப் பக்கத்தை எழுதும் இன்றுவரை அது பென்சிலில்தான் இருக்கிறது.